கோட்டைக்கரைக்குப் போற பரிசல்

— எந்திரிக்காதீக தாயி! உக்காருங்க, உக்காருங்க! பரிசல்ல நிக்கப்படாது!

— என்னமோ அடியில முட்டுச்சு புள்ள. டம்முன்னு முட்டுச்சு.

— கட்டையா இருக்கும். மழைக்கு அடிச்சுக்கிட்டு வந்த மரமெல்லாம் கம்மாய்க்குள்ளதான் கெடக்கு. நீங்க நடுவுல சம்மணம் போட்டு உக்காருங்க. ரெண்டு கையாலயும் இந்த மூங்கிலப் பிடிச்சுக்கங்க.

— ஓட்ட விழுந்துராதே?

— எருமைத்தோலு தாயி. திண்டுக்கல்லு தோல்ஷாப்புல வாங்கித் தச்சது. ஓட்ட விழாது. ஆனா நீங்க எந்திரிச்சீகன்னா கவுந்துரும்.

— பெருமாளே, தாடிக்கொம்புப் பெருமாளே... இம்புட்டுத் தண்ணி கெடக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. ஆழம் எம்புட்டு இருக்கும்?

— அதக் கேக்காதீக. கேட்டா ஆழம் கூடித்தான் போகும்.

— நாம ஏறுன கரையையே காணமே புள்ள.

— மழை இருட்டுக் கட்டிருச்சுல்ல, அதான். பின்னால பாக்காதீக. முன்னால பாருங்க. அந்தா, கறுப்பா நீளமாத் தெரியுது பாருங்க, அதுதான் கோட்டைச் செவரு. அதுக்குக் கீழதான் எங்க ஊரு. நீச்சத் தெரியுமா உங்களுக்கு?

— கெணத்துல தண்ணி எறைக்கிறதோட சரி. வெரசாப் போ புள்ள. பொழுதாகுது.

— போய்க்கிட்டுத்தான இருக்கோம். ஏறுறப்பக் கேட்டேன், சரியாச் சொல்லல நீங்க. கோட்டைக்கரையில என்ன சோலி?

— சொன்னேனே. கன்னிமார் கோயிலப் பாக்கணும். ரொம்பப் பழைய கோயிலாம்ல. பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச. அந்தக் காலத்துல ராசா கோட்டையக் கட்டி, அதக் காவல் காக்க மீன் பிடிக்கிற ஆளுகளக் கொண்டாந்து குடி வச்சாராம். எங்க ஊர்ல சொல்லுவாக.

— காவலுக்கெல்லாம் இல்ல தாயி. ராசாவுக்கு வெரால் மீனு இல்லாம சோறு எறங்காது, அதுக்குக் கூட்டியாந்தாக. காவல் காத்தவுக அம்புட்டுப் பேரும் செத்துப் போனாக. குதிரைப்பட வந்தப்ப மீன் பிடிச்சவுக மட்டுந்தான் பொழச்சாக. எப்புடின்னு தெரியுமா?

— எப்புடி?

— ஊரோட பரிசல்ல ஏறி நடுக்கம்மாய்க்கு வந்துட்டாக. இந்தா, இப்ப நாம போற எடந்தான். கரையைச் சுத்திக் குதிரைக்காரன் தீவட்டியோட தேடுறான். பிள்ளைக அழுதா சத்தம் கேட்டுருமேன்னு ஆத்தாமாரு மாரக் குடுத்து, கையால பொத்தி, மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தாகளாம். குதிரைக போனப்பறம் கைய எடுத்துப் பாத்தா, ஒருத்தி பிள்ள மட்டும் அசையல. எல்லாக் கோயில்லயும் கன்னிமாரு ஏழு பேரு. எங்க ஊர்ல மட்டும் எட்டுக் கல்லு இருக்கும். எட்டாவது ரொம்பச் சின்னக் கல்லு.

— போதும் புள்ள. இந்தக் கதைய இப்பச் சொல்லாத.

— கோயில் பாக்க வந்தவுகளுக்குக் கோயில் கதையத்தான சொல்லணும். ஆமா, தேங்கா பழம் எங்க?

— என்ன?

— கன்னிமாரப் பாக்க வெறுங்கையோடயா வருவாக? ஒரு சூடங்கூட இல்ல உங்ககிட்ட.

— அங்கன கடையில வாங்கிக்கலாம்னு...

— எங்க ஊர்ல கடையே கெடையாது. காலுல செருப்பக் காணம். பாதமெல்லாம் முள்ளுக் கீறி ரத்தம் கட்டியிருக்கு. கண்டாங்கிச் சேலை கிழிஞ்சு தொங்குது. கோயிலுக்குக் கெளம்பி வந்த மாதிரியா இருக்கு? வேலியத் தாண்டி விழுந்து எந்திரிச்சு ஓடியாந்த மாதிரில்ல இருக்கு.

— ஏன் நிறுத்திட்ட? ஏ புள்ள, துடுப்ப ஏன் மடியில வச்சுட்ட?

— செத்த நேரம் கெடக்கட்டும்.

— அய்யோ, சுத்துதே! பரிசல் சுத்துது! எனக்குத் தலையக் கிறுகிறுங்குது. போடு புள்ள, துடுப்பப் போடு!

— சுத்தட்டும். உள்ளதச் சொல்லுங்க, போடுறேன். கோட்டைக்கரையில யாரத் தேடி வாரீக?

— கோயிலுன்னு சொல்றேன்ல...

— பெருமாயிக்கும் பயந்தா கீழ் உதடு இப்புடித்தான் துடிக்கும்.

— எம் மவ பேரு உனக்கு எப்புடித் தெரியும்?

— நீங்க கால் வச்சு ஏறுறப்பவே கண்டுக்கிட்டேன். அதே தாவாங்கட்டை. அதே நடை. தாடிக்கொம்புப் பெருமாள்சாமி வீட்டு அம்மா. பேரு பொன்னழகு. சரிதானா?

— நீ யாரு?

— பேச்சாயி. சங்கிலியப் பெத்தவ.

— பெருமாளே! நீயா? உன் மவனா?

— எம் மவன்தான்.

— எங்க தோட்டத்து மல்லியப்பூவத் தலையில வச்சு மார்க்கெட்டுக்கு அனுப்புனேன் எம் புள்ளைய. பூவக் குடுத்தமா வந்தமான்னு இருந்தவ. உன் மவன் மீன் கூடைய எறக்குறேன்னு அவ எதுக்க வந்து நின்னு நின்னு, அவ புத்தியக் கெடுத்துப்புட்டான்.

— எம் மவனும் மீனக் குடுத்தமா வந்தமான்னுதான் இருந்தான். எப்பவும் மீன் கவுச்சியோட வார கூடை, அன்னைக்கு மல்லியப்பூ வாசத்தோட வீட்டுக்கு வருது. நானுந்தான் தலையில அடிச்சுக்கிட்டேன். 'வேணாண்டா, அவுக நம்மளத் தோலை உரிச்சுத் தொங்க விட்ருவாக'ன்னு காலப் பிடிச்சுக் கெஞ்சினேன். உங்க புள்ளதான் துணி மூட்டையோட கரையில வந்து உக்காந்துருச்சு. போகச் சொன்னேன். போக மாட்டேன்னுருச்சு. நான் என்ன செய்ய, தண்ணியிலயா தள்ள?

— சரி, விடு. அதையெல்லாம் பேச நேரமில்ல. போடு புள்ள துடுப்ப, உன்னையக் கும்பிடுறேன்.

— மாட்டேன். என்னடா இவ, தெரிஞ்சும் ஏத்துனாளேன்னு தோணல உங்களுக்கு? கரையில உங்க பின்னால யாரு ஒளிஞ்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. தண்ணிக்குள்ள வந்துட்டா நீங்களும் நானும் மட்டுந்தான். இப்பச் சொல்லுங்க. யாரு அனுப்பி வச்சாக உங்கள?

— யாரும் அனுப்பல.

— பெத்தவள முன்னால அனுப்பி, 'வாடி மவளே, எல்லாத்தையும் மறந்தாச்சு, மறுவீட்டுக்குக் கூப்புட வந்தேன்'னு சொல்ல வைக்கிறது. அந்தப் புள்ளையும் ஆத்தா கூப்புடுறாளேன்னு பின்னாலயே போகும். பாதி வழியில ஆளுக நிப்பாக. போன கோடையில பக்கத்து ஊர்ல இப்புடித்தான் ஒரு புள்ளைய முடிச்சாக.

— நான் அதுக்கு வரல.

— அந்த ஆத்தாளும் அப்புடித்தான் சொல்லியிருப்பா.

— நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. இன்னைக்கு விடிஞ்சதும் அவரு கெணத்து மேட்டுல உக்காந்து அருவாளத் தீட்டுனாரு. வாழை வெட்டப் போறாருன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா எங் கொழுந்தன் ராமரும் தீட்டுறான். பங்காளிக ரெண்டு பேரு வந்து அவுகளும் உக்காந்து தீட்டுறாக. கல்லுல இரும்பு ஒரசுற சத்தம் மட்டுந்தான். பழைய சோறு ஊத்தி வச்சேன். தொட்டுக்க வெஞ்சனம் கேக்காமக் குடிச்சாரு. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து வெஞ்சனம் இல்லாம ஒரு வாய் வச்சதில்ல அந்த மனுசன். அப்பத்தான் எனக்கு வெளங்கிருச்சு. எங்க போறீகன்னு கேட்டேன். ராமருதான் சிரிச்சுக்கிட்டே சொன்னான், 'வீட்டு அழுக்கக் கழுவப் போறோம் மதினி'ன்னு.

— அப்பறம்?

— அப்பறம் என்ன? கத்துனேன். கால்ல விழுந்தேன். என்னையப் பருத்திக்கொட்ட போட்டு வைக்கிற அறைக்குள்ள தள்ளி வெளிய பூட்டுனாக. திண்டுக்கல் பூட்டு, நான் ஒடைக்க முடியுமா? மூட்டை மேல ஏறி, கூரை ஓட்டப் பிரிச்சு வெளிய குதிச்சேன். வேலியில விழுந்தேன். அப்பறம் ஓடுனதுதான். எந்தத் தோட்டம், எந்த வரப்புன்னு எனக்கே தெரியல.

— எந்த வழியா வாராக?

— கரை ரோட்டுல. வண்டி கட்டிக்கிட்டு.

— கரை ரோடு மழைக்கு அரிச்சுப் போயி வண்டி வராது. எறங்கிச் சுத்திக்கிட்டு நடந்துதான் வரணும்.

— ரோட்டுல எதுக்க வந்தவுகளும் அதத்தான் சொன்னாக. தண்ணி வழியாப் போனா முந்திரலாம்னு, தண்ணியக் கண்டாலே நடுங்குறவ ஏறி உக்காந்தேன். நீ என்னான்னா நடுவுல போட்டுச் சுத்துறியே! அவுக நடந்துக்கிட்டே இருக்காக புள்ள. நாம இங்க பேசப் பேச அங்க நடந்துக்கிட்டே இருக்காக.

— உங்கள நான் எப்புடி நம்புவேன்?

— நம்ப வேணாம். அந்தா, தண்ணிக்கு நடுவுல கல்லு மண்டபம் ஒண்ணு தெரியுதுல்ல?

— நீராழி மண்டபம். ராசா காலத்தது. கூரை மட்டுந்தான் வெளிய தெரியுது, பாக்கியெல்லாம் முங்கிருச்சு.

— என்னைய அதுல எறக்கி விட்டுரு.

— எதுல?

— அந்தக் கல்லு மேல. நான் உங்க ஊருக்குள்ள கால் வைக்கல. எம் புள்ள மொகத்தக்கூடப் பாக்கல. நீ மட்டும் போ. போயி அவுக ரெண்டு பேத்தையும் ஏத்திக்கிட்டு எங்கயாச்சும் கொண்டு போயிரு. அப்பறமா வந்து என்னையக் கூப்புட்டாக் கூப்புடு, கூப்புடாட்டிப் போ.

— அதுல பாம்பு அடையும் தாயி. கம்மாயில தண்ணி ஏறுனா அம்புட்டும் அதுலதான் ஏறிக் கெடக்கும்.

— கெடந்துட்டுப் போகுது.

— மேக்க இன்னும் மழை விடல. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. இருட்டுறதுக்குள்ள அந்தக் கூரையும் முங்குனாலும் முங்கிரும்.

— காது கேக்குது புள்ள எனக்கு. அந்தப் பக்கம் திருப்பு.

— உண்மையிலயேவா சொல்றீக?

— ஏன் என் மொகத்தவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? நேரம் போகுதுன்னு சொல்றேன்ல! திருப்புடி!

— உக்காருங்க தாயி. மண்டபத்துக்குப் போக வேணாம். ஊர்ல கூட்டிக்கிட்டுப் போக ஆளு இல்ல.

— என்ன சொன்ன?

— அவுக ரெண்டு பேரும் அங்க இல்ல.

— இல்லன்னா? முந்திட்டாகளா? எங்க வீட்டு ஆளுக முந்திட்டாகளா? அய்யோ எம் புள்ள! எம் புள்ளைய என்ன பண்ணுனாக?

— எந்திரிக்காதீக! கவுந்துரும்! கையக் குடுங்க, எங் கையப் பிடிங்க. உசுரோட இருக்காக தாயி. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. எம் மவன் மேல சத்தியம்.

— எங்க?

— ரயில்ல. பூ மார்க்கெட்டு மிக்கேல்ராஜ் அண்ணன் நேத்து ஓடியாந்து சொன்னாரு, உங்க கொழுந்தன் டீக்கடையில உக்காந்து வீராப்புப் பேசுனதையெல்லாம். இன்னைக்குக் காலையில இதே பரிசல்ல ரெண்டையும் ஏத்திக்கிட்டு வந்து, திண்டுக்கல்லுல மத்தியான வண்டியில ஏத்தி விட்டுட்டு, இப்பத்தான் திரும்புறேன். பரிசலத் தண்ணியில தள்ளுறேன், நீங்க வந்து கரையில நிக்கிறீக. சொல்லிருவமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பயம் விடல.

— வண்டி கெளம்புனத நீ கண்ணால பாத்தியா?

— பொகை மறையிற வரைக்கும் பிளாட்பாரத்துலதான் நின்னேன். அவுக போறது எந்த ஊருக்குன்னா...

— சொல்லாத!

— என்ன தாயி?

— எந்த ஊருன்னு எங்கிட்டச் சொல்லாத. தெக்கயா வடக்கயான்னு கூடச் சொல்லாத. அடிச்சுக் கேட்டா என் வாயி தாங்காது. தெரியாதுன்னா அவுக எதப் பிடுங்க முடியும்?

— சரி. சொல்லல. கண்ணத் தொடைங்க.

— என்ன சேல கட்டியிருந்தா?

— எஞ் சேலை. பச்சச் சேலை. ஜன்னலோரமா உக்கார வச்சேன், காத்து பட்டாக் குமட்டல் அடங்கும்னு.

— குமட்டலா?

— இதச் சொல்லாம விடணும்னுதான் இருந்தேன். வாயில வந்துருச்சு. மீன் வாடையே ஆகல தாயி அதுக்கு. எங்க ஊர்ல மீன் வாடை இல்லாத எடத்துக்கு எங்க போக? எம் மவன் பரிசல்ல ஏத்தி, நடுக்கம்மாய்க்குக் கொண்டாந்து, காத்துல வச்சுச் சோறு ஊட்டுவான்.

— என்ன குடுத்த?

— மொளகு ரசம். சிறுமலை மொளகு. புளிய நல்லாக் கரைச்சு.

— புளி ஆகாது அவளுக்கு. தொண்டையக் கட்டிரும்.

— இப்ப அதத்தான் கேக்குது.

— நானும் அவ வயித்துல இருக்கையில அதத்தான் கேட்டேன்.

— கையை விடுங்க தாயி. துடுப்பு போடணும். தண்ணி நம்மள மடைப் பக்கம் இழுக்குது.

— இரு. அவுகதான் போயிட்டாகல்ல? அப்பறம் நீ எதுக்கு ஊருக்குப் போற? நீயும் அந்த வண்டியிலயே ஏறியிருக்கலாம்ல?

— நானும் ஏறிட்டா வீடு பூட்டிக் கெடக்கும். பூட்டுன வீட்டப் பாத்தா உங்க ஆளுக என்ன செய்வாக? ஓடிப் போயிட்டாகன்னு தெரிஞ்சுரும். நேரா ரயில் ஸ்டேஷனுக்குப் போவாக, அங்கங்க சொந்தக்காரவுகளுக்குத் தந்தி அடிப்பாக. சின்னஞ்சிறுசுக ஒரு எடத்துல எறங்கி வேற வண்டி மாறணும். அதுக்கு ராத்திரியாயிரும். அதுவரைக்கும் இங்க ஒருத்தருக்கும் சந்தேகம் வரப்படாது. அதோட ஆள் கெடைக்காத கோவத்துல கூரையில தீய வச்சுட்டா? எங்க ஊர்ல வீடெல்லாம் ஒட்டி ஒட்டி நிக்கிது. அம்புட்டும் ஓலை. நான் இருந்தா எங்கிட்டத்தான் கேப்பாக. 'மீனுக்குப் போயிருக்காக, பொழுது சாய வந்துருவாக'ன்னு சொல்லுவேன். காத்துக் கெடக்கட்டும்.

— பொழுது சாஞ்சும் வரலேன்னா?

— அப்பறம் பாத்துக்கலாம்.

— உன்னைய என்ன செய்வாகன்னு யோசிச்சியா?

— யோசிக்காமயா? காலையில இருந்து அதத்தான் யோசிக்கிறேன். பச்சத் தண்ணி எறங்கல. ஸ்டேஷன்ல சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன், பிள்ளைக மொகத்தப் பாத்து. கம்மாக் கரைக்கு வந்து பரிசலத் தள்ளப் பாக்குறேன், கை வர மாட்டேங்குது. கல்லு மாதிரி உக்காந்துட்டேன். உங்ககிட்ட ராசா கதை, குதிரைக் கதையெல்லாம் பேசுனேனே, எதுக்குன்னு நெனைக்கிறீக? வாய மூடுனாப் பல்லு அடிக்குது தாயி.

— நான் மட்டுந்தான் பயந்து சாகுறேன்னு நெனச்சேன்.

— துடுப்பப் பிடிச்சிருக்கதால எம் பயம் வெளிய தெரியல. அம்புட்டுத்தான்.

— பேச்சாயி.

— சொல்லுங்க.

— அந்தக் கோட்டைச் செவருக்குக் கீழ... வெள்ளையா நிக்கிறது என்ன?

— எங்க? ஆமா. வேட்டி. நாலு பேரு.

— வந்துட்டாக. பெருமாளே, வந்தே போயிட்டாக. முன்னால நிக்கிறது அவருதான். அவருதான் அப்புடித் தலப்பா கட்டுவாரு. கையில பாரு. கையில பாரு புள்ள.

— பாத்தேன். குனிங்க. முக்காட்ட இழுத்து விடுங்க. இம்புட்டுத் தொலைவுல உங்கள அடையாளம் தெரியாது. நான் திருப்பிடுறேன்.

— எங்க திருப்புற?

— ஏறுன கரைக்கே. உங்கள எறக்கி விட்டுட்டு நான் மட்டும் வாரேன். நீங்க வந்த வழியாவே போயி, அந்த அறைக்குள்ளயே எறங்கி, ஓட்ட எடுத்து மூடிருங்க. பூட்டுனது பூட்டுனபடியே இருக்கும். நீங்க வெளிய வந்ததே ஒரு காக்கா குருவிக்குத் தெரியாது.

— உனக்குத் தெரியுமே.

— நான் சொல்ல மாட்டேன்.

— உன்னைய வெட்டுனாலும் சொல்ல மாட்ட.

— மாட்டேன்.

— தனியா எறங்கி, அந்த நாலு பேருக்கு முன்னால நின்னு, 'மீனுக்குப் போயிருக்காக'ன்னு சொல்ல வாய் வருமா உனக்கு? பல்லு அடிக்குதுன்ன இப்பத்தான்.

— அடிச்சா அடிக்கட்டும். சீக்கிரம் சொல்லுங்க தாயி, திருப்பட்டுமா? இன்னும் கொஞ்சம் கிட்டப் போனா மொகம் தெரிஞ்சுரும். அப்பறம் திருப்புனாலும் பிரயோசனமில்ல.

— என்னைய இங்க பாத்தா அவருக்கு மத்ததெல்லாம் மறந்து போகும். பொண்டாட்டி ஓட்டப் பிரிச்சு ஓடியாந்துட்டாளேங்குறதுதான் நிக்கும். ஊர் சனத்துக்கு முன்னால என்னைய நிக்க வச்சுக் கேள்வி கேப்பாரு. பதிலு பேசுனா இன்னும் கேப்பாரு. நான் பேசிக்கிட்டே இருப்பேன். பொழுது அதுலயே போயிரும்.

— கேள்வியோட விட்டாச் சரி.

— விட மாட்டாரு. அவர எனக்குத் தெரியாதா? எங் காலத் தொட்டுப் பாரு.

— சில்லுன்னு இருக்கு தாயி. செத்த கால் மாதிரி.

— எந்திரிச்சு நிக்க முடியுமான்னே தெரியல.

— அதான் சொல்றேன். திருப்புறேன்.

— திருப்பாத.

— தாயி...

— நேராப் போடுங்க துடுப்ப. கரை தட்டுனதும் நான் முந்தி எறங்குறேன். என் முதுகு மறைவுலயே வாங்க, சம்மந்தி.